காட்டைக் காட்டி வாழ்வோர்

காட்டை வெட்டி வாழ்வது உலகில் மிகப் பழைய தொழில். காட்டைக் காட்டி வாழ்வது அண்மையிலே தோன்றிய தொழில். இவ்விரு தொடர்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு வினைச்சொல்லளவே. ஆயினும் அவ்வொரு வினைச்சொல் மாறும்போது ஒரு வனத்தின் தலைவிதியே மாறிவிடுகின்றது. இவ்வுண்மையைக் காண விரும்புவோர் கடல் கடந்து செல்லவேண்டுவதில்லை. எமது நாட்டின் தென்மேற்கிலே, இரத்தினபுரி, காலி, மாத்தறை ஆகிய மாவட்டங்கள் கூடுமிடத்திலே, சிங்கராச வனம் என ஒரு மழைக்காடு உண்டு. அங்கே வெட்டுதலும் நடந்தது. இன்று காட்டுதலும் நடக்கின்றது. இரண்டும் ஒரே பாதையிலே நிகழ்ந்தன என்பதுதான் வியப்பு.

அப்பாதையின் கதையையும், அதிலே எம்மை நடத்திச் சென்ற வழிகாட்டியின் தொழிலையும், அத்தொழிலாலே புள்ளும் ஊரும் ஒருங்கே வாழுமாற்றையும் நேயர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆசிரியரும் மாணவரும் இதனைச் சிறப்பாகக் கருதுதல் வேண்டும். ஏனெனில் இதன் முடிபு எமது வகுப்பறையிலே வந்து நிற்கின்றது.

வனத்தின் இயல்பு

யாழ்ப்பாணத்து மண்ணிலே பிறந்தோர்க்கு மழை என்பது ஐப்பசியில் எதிர்கொண்டு மார்கழியில் விடைகொடுத்தனுப்பும் விருந்து. சிங்கராச வனத்திலோ மழை விருந்தன்று; அதுவே வீட்டுக்காரன். வைகாசி முதல் ஆடி வரை ஒரு பருவமும், ஐப்பசி முதல் மார்கழி வரை மற்றொரு பருவமும் மாறிமாறிப் பொழிகின்றன. ஆண்டு மழைவீழ்ச்சி 3,000 மில்லிமீற்றருக்கு மேற்பட்டது. சில இடங்களிலே 5,000 மில்லிமீற்றரையும் எட்டுவது. வடபுலத்து மழையினும் இஃது ஏறத்தாழ மூன்று நான்கு மடங்காகும்.

இம்மழையுண்டு வளர்ந்த மரங்கள் முப்பது நாற்பது மீற்றர் உயரத்திலே தலைகோத்து ஒரு பச்சைப் பந்தரிட்டு நிற்கின்றன. அப்பந்தரின்கீழ் மற்றொரு பந்தர், அதன்கீழ்ச் சிறுமரங்கள், அவற்றின்கீழ்ப் பூண்டும் பன்னமும். மரவினங்களுள் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவை இலங்கையன்றி வேறெங்கும் இயற்கையாக வளராதவை. பறவைகளும் அத்தகையனவே. இந்நாட்டுக்கேயுரிய பறவையினங்கள் முப்பதுக்கு மேற்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவற்றை இவ்வொரு வனத்திலே காணலாம். ஆகவே ஒன்று தெளிவு. இவ்வனம் அழியுமாயின் இப்பறவைகள் அயலூருக்குப் பெயர்ந்து பிழைக்கமாட்டா. அவற்றிற்கு அயலூர் என ஒன்று இல்லை.

1875 ஆம் ஆண்டிலே ஆங்கில அரசு இவ்வனத்தின் பெரும்பகுதியை ஒதுக்கக் காடாகப் பிரகடனஞ் செய்தது. அங்ஙனஞ் செய்தது 'தரிசு நிலங்கள்' பற்றிய சட்டத்தின் கீழ் என்பதை எண்ணுந்தோறும் நகை தோன்றுகின்றது. ஈழத்திலே மிக வளம் படைத்த நிலம் ஒன்று சட்டத்தின் ஏட்டிலே தரிசு எனப் பெயர்பெற்றது. நெல்லோ தேயிலையோ விளையாத நிலமெல்லாம் தரிசு என்பது அக்கால ஆட்சியாளரின் அகராதி. அவ்வகராதி இன்றும் முற்றாக வழக்கொழிந்ததில்லை.

கோடரி வந்த பாதை

ஒதுக்கக் காடு என்ற பெயர் கோடரியைத் தடுக்கவில்லை. ஒட்டுப்பலகை செய்வதற்கு மரம் வேண்டும் என்று 1960களின் இறுதியிலே அரசு கருதிற்று. கொஸ்கமவிலே அதற்கான தொழிற்சாலை அமைந்தது. 1972 ஆம் ஆண்டிலே இயந்திரங்கள் வனத்தினுள் நுழைந்தன. மரங்களை இழுத்துச்செல்வதற்கும் லொறிகள் ஓடுவதற்கும் பாதைகள் வெட்டப்பட்டன. நூற்றாண்டுகளாக நின்ற மரம் சில நிமிடத்திலே வீழ்ந்தது. அது வீழுங்கால் தன்னைச் சூழ நின்ற சிறுமரங்கள் பலவற்றையும் உடன்கொண்டே வீழ்ந்தது.

அக்காலத்திலே இக்காட்டுக்காகக் குரல் எழுப்பியவருள் தலையாயவர் திலோ ஹொஃப்மன் என்பவர். சுவிற்சர்லாந்திலே பிறந்து இந்நாட்டைத் தம் நாடாகக்கொண்டு வாழ்ந்த அவர், வனசீவராசிகளையும் இயற்கையையும் பாதுகாக்கும் சங்கத்தின் தலைவராயிருந்து, மனுவும் முறையீடும் கட்டுரையுமாக இடையறாது உழைத்தார். அறிவியலாரும் பொதுமக்களும் அவரோடு சேர்ந்துகொண்டனர். 1977 ஆம் ஆண்டிலே வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 1978 இல் யுனெஸ்கோ நிறுவனம் சிங்கராசத்தை உயிர்க்கோள ஒதுக்கமாக ஏற்றுக்கொண்டது. 1988 இல் அது தேசிய மரபுரிமை வனமாகவும், அதே ஆண்டிலே உலக மரபுரிமைத் தலமாகவும் பிரகடனம் பெற்றது. உலக மரபுரிமைப் பட்டியலில் அடங்கிய பரப்பு 8,864 ஹெக்டயர்.

கோடரி சென்றது; பாதை எஞ்சிற்று. மரமிழுக்க வெட்டிய அப்பாதையிலேதான் இன்று பறவை காண வருவோர் நடக்கின்றனர். பாதையின் இருமருங்கும் மீண்டும் மரம் எழுந்து நிழல் பரப்பியிருக்கின்றது. ஒளியும் நிழலும் கலந்த அவ்வழியோரத்திலே, அடர்காட்டினுள் காண்டற்கரிய புட்கள் கண்ணுக்கெட்டும் உயரத்துக்கு இறங்கிவருகின்றன.

வழிகாட்டி

சென்ற மாசி மாதத்திலே எமது பண்டித வகுப்பு மாணவர் பன்னிருவரோடு யான் அவ்வனத்துக்குச் சென்றேன். கலவானையைக் கடந்து குடாவ என்னும் சிற்றூரிலே இராத் தங்கி, விடியற்காலையில் வனபரிபாலனத் திணைக்களத்தின் வாயிலை அடைந்தோம். வழிகாட்டியின்றி எவரும் உட்செல்லலாகாது என்பது அவ்விடத்து விதி. வழிகாட்டிகள் அயற்கிராமத்து இளைஞர், திணைக்களத்தாற் பயிற்றப்பெற்றவர்.

எமக்கு வாய்த்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர். வயதிலும் பிராயத்திலும் மூத்தவன் என்ற உரிமையால் யான் அவரை 'மல்லி' என்றழைத்தேன். அவர் என்னைச் 'சேர்' என்றார். சிங்களத்திலும் இடையிடையே ஆங்கிலத்திலும் அவர் கூறியவற்றை, கொழும்பிலே சிலகாலம் வாழ்ந்த மாணவன் ஒருவன் தமிழாக்கித் தந்தான். புறப்படுமுன் ஒவ்வொருவர் காலையும் அவர் ஆராய்ந்தார். சவர்க்காரத்தைக் குழைத்துக் கணைக்காலிலே பூசச் சொன்னார். அட்டைக்கு அது பிடிக்காதாம். அட்டைகள் அவர் சொல்லை முற்றாக ஏற்றுக்கொள்ளவில்லை என்பதைப் பிற்பகலிலே கண்டோம்.

நடை தொடங்கிய சிறிது நேரத்திலே அவர் கையை உயர்த்தினார். யாவரும் நின்றோம். எமக்கு இலையிலிருந்து நீர் சொட்டும் ஓசையன்றி வேறொன்றும் கேட்கவில்லை. அவர் பற்றைக்குள்ளிருந்து வந்த ஒரு கூவலைச் சுட்டி, "ஹபன் குகுளா" என்றார். முட்காற் கோழியினத்தைச் சேர்ந்த அப்பறவை இணையாக நின்று ஒன்றன் குரலை மற்றொன்று ஏந்திக் கூவுவது. அன்று நான்கு முறை அதனைக் கேட்டோம், ஒருமுறையேனும் காணவில்லை. கண்ணாற் காண்பவற்றை எழுதுவதற்கு ஏடு கொண்டுவந்த மாணவரை நோக்கி, "காதால் கேட்டதையும் எழுதுங்கள், இந்தக் காட்டில் பாதி காதுக்குத்தான்" என்றார் அவர். செவிவழிக் கல்வியின் சிறப்பைப் பற்றி எத்தனையோ நாள் வகுப்பிலே பேசப்படுகின்றது. அதனை இத்துணைச் சுருக்கமாகச் சொன்ன ஆசிரியர் சிலரே.

பின்னர் ஒரு தாழ்ந்த கொம்பருகே எம்மை ஒருவர்பின் ஒருவராக அழைத்துச் சென்றார். உதிர்ந்த சருகு இரண்டு கொம்பிலே தங்கியிருந்தன. நன்கு நோக்கியபோது சருகுகளுக்கு அலகும் மூடிய கண்ணும் தோன்றின. தவளைவாய்ப் பறவை இணையொன்று பகலுறக்கங் கொண்டிருந்தது. அது தெற்கிந்திய மேற்கு மலைத்தொடரிலும் இலங்கையிலும் மாத்திரமே வாழ்வது. பன்னிருவரும் கண்டு மீளும்வரை அது இமை திறக்கவில்லை. அங்ஙனம் திறவாதபடி எம்மை நடத்தியது வழிகாட்டியின் திறமை. ஒருவர்கூடக் கொம்பைத் தீண்டவில்லை. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

பலவினம் கூடிய ஒரு கூட்டம்

சிங்கராசத்தின் புகழுக்குக் காரணமானவற்றுள் ஒன்று அங்குள்ள கலப்புப் பறவைக் கூட்டம். ஓரினப் பறவைகள் கூடித் திரிவதை எங்கும் காணலாம். இங்கோ பலவினம் ஒருங்கு கூடி இரைதேடி வனத்தினூடே நகர்கின்றன. 1980களின் தொடக்கம் முதல் பேராசிரியர் சரத் கொட்டகமவும், பின்னர் அவரோடு சேர்ந்து ஈபன் குடேலும் இக்கூட்டங்களை ஆராய்ந்தனர். ஒரு கூட்டத்திலே சராசரியாக 40 பறவைகளும், அவற்றுள் 11 இனங்களும் காணப்பட்டன.

முற்பகல் பத்துமணியளவிலே அத்தகைய கூட்டமொன்று எம்மை வந்து சூழ்ந்தது. சூழ்ந்தது என்பதே பொருத்தமான சொல். ஒரு கணம் வெறுமையாயிருந்த மரங்கள் மறுகணம் முழுதும் அசைந்தன. செவ்வலகும் தவிட்டு நிறமுமுடைய குருவிகள் கலகலவென ஓயாது ஒலித்தவண்ணம் இடைக்கொம்புகளிலே தாவின. நிலத்திலே சாம்பற்றலைக் குருவிகள் சருகைக் கிளறின. அடிமரத்திலே ஒரு சிறு பறவை தலைகீழாக இறங்கிற்று. உச்சியிலே செந்நிறப் பறவைகள் தீப்பொறிபோற் பறந்தன. முகத்திலே சிவப்புத் தீட்டிய நீள்வாற் குயிலினப் பறவை ஒன்று இலைமறைவிலே ஓசையின்றி நகர்ந்தது. இவற்றுக்கெல்லாம் இடையே, கொண்டை தரித்த கரிக்குருவி ஒன்று வெளிக்கொம்பிலே அமர்ந்து நாற்றிசையும் நோக்கிக்கொண்டிருந்தது.

ஏன் இவை கூடுகின்றன? ஒன்று இலையைக் கிளறும்போது வெருண்டு பறக்கும் பூச்சி மற்றொன்றுக்கு இரையாகின்றது. நாற்பது இணைக் கண்கள் நோக்கும்போது வல்லூறு மறைந்து வருதல் அரிது. கரிக்குருவியும் செவ்வலகுக் குருவியும் இடர் கண்டதும் குரல்கொடுக்கின்றன. ஏனையவை அக்குரலறிந்து ஒடுங்குகின்றன. கரிக்குருவிக்கு மற்றுமோர் ஆற்றலுண்டு. அது பிற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பேசவல்லது. அங்ஙனம் பல குரலிற் பேசுதலால் அது பிற இனங்களைத் தன்பால் அழைத்துக் கூட்டத்தை உருவாக்குகின்றது என்பது ஆராய்ச்சியாற் கண்ட முடிபு.

செவ்வலகுக் குருவியின் பெயரை மாணவர் வினவினர். "ரத்து தெமலிச்சா" என்றார் வழிகாட்டி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிறிது நாணினார். 'தெமள' என்ற ஒலி அப்பெயருக்குள் இருப்பதை அவரும் அறிவார், யாமும் அறிவோம். யான் நகைத்துவிட்டு, இதன் இனத்தைச் சேர்ந்ததும் இதுபோலவே ஓயாது பேசுவதுமான பறவை எங்கள் வளவிலும் உண்டென்றும், அதனை நாங்கள் புலுனி என்போமென்றும் கூறினேன். அவர் 'புலுனி, புலுனி' என இருமுறை சொல்லிப் பார்த்தார். பின், "தெமலிச்சாவும் கவுடாவும் இல்லாவிட்டால் இந்தக் கூட்டமே இல்லை, சேர்" என்றார். கவுடா என்பது கரிக்குருவி. அவர் பறவைகளைப் பற்றியே சொன்னார். மாணவர் சிலர் ஒருவரையொருவர் நோக்கிக்கொண்டனர்.

செவியாற் கண்ட ஆந்தை

இவ்வனத்திலே கேள்வியறிவு செய்த அருஞ்செயலொன்றை இங்கே கூறுதல் தகும். 1995 ஆம் ஆண்டிலே, கித்துல்கல என்னும் இடத்துக் காட்டில், தீபால் வரக்காகொட என்னும் பறவையறிஞர் இரவிலே ஒரு குரல் கேட்டார். நாட்டிலுள்ள ஆந்தையினங்களின் குரலெல்லாம் அறிந்த அவருக்கு அக்குரல் எதனோடும் பொருந்தவில்லை. அவர் விடவில்லை. 2001 ஆம் ஆண்டு தை மாதத்திலே சிங்கராசத்தில் அக்குரலுக்குரியதை நேரிற் கண்டார். செம்பழுப்பு நிறமுடைய, எம்மூர் நத்தின் இனத்தைச் சேர்ந்த சிற்றாந்தை அது. 2004 இல் அது புதிய இனமென நூன்முறைப்படி அறிவிக்கப்பட்டது. 1868 ஆம் ஆண்டுக்குப் பின் இலங்கையிலே கண்டறியப்பட்ட முதற் புதிய பறவையினம் அதுவே. அறிவியற் பெயரிலே திலோ ஹொஃப்மனின் பெயரைச் சூட்டினர். காட்டைக் காத்தவரின் பெயர், அவர் காவாதிருந்தால் யாருமறியாமலே அழிந்திருக்கக்கூடிய பறவைக்குச் சென்றது.

இதிலே எமக்கு ஒரு பாடமுண்டு. 1972 இல் இயந்திரங்கள் புகுந்தபோது அவ்வாந்தை அங்கேதான் இருந்தது. அதற்குப் பெயரில்லை, ஆதலின் அதற்காக ஒருவரும் மனுவெழுதவில்லை. பெயரறியாத பொருளும் அழிவிலே பங்குகொள்ளும்.

அறிவும் சோறும்

நண்பகலிலே ஓடைக்கரையில் அமர்ந்து இடியப்பமும் சம்பலும் உண்டோம். அப்போது வழிகாட்டி தமது குடும்பக் கதையைச் சிறிது கூறினார். அவருடைய தந்தையார் 1970களிலே அப்பாதையில் மரமிழுத்தவர்களில் ஒருவராம். "அப்பா மரம் இழுத்த வழியில் நான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்றார். பெருமையோ இழிவோ அச்சொல்லிலே தொனிக்கவில்லை. இரண்டும் சோற்றுக்கான தொழில் என்ற தெளிவே இருந்தது.

அத்தெளிவிலிருந்து யாம் கற்கவேண்டியது மிகுதி. வனத்தைச் சூழ இருபதுக்கு மேற்பட்ட சிற்றூர்கள் உள. அங்குள்ளோர் பரம்பரையாக வனத்தைக்கொண்டே வாழ்ந்தவர். எமக்குப் பனை எவ்வாறோ, அவர்க்குக் கித்துள் அவ்வாறு. அதன் பாளையைச் சீவிப் பதநீர் இறக்கிப் பாணியும் கருப்பட்டியும் காய்ச்சுவர். பிரம்பு, ஏலம், மரமஞ்சள், ஹல் மரத்தின் வித்து என வனந்தந்த பொருள் பல. வனம் சட்டத்தாற் பூட்டப்பட்டபோது இவற்றுட் பலவும் அவர்க்கு விலக்காயின. உலகத்துக்கெல்லாம் மரபுரிமை என்று ஒரு காட்டைப் பிரகடனஞ் செய்தவிடத்து, அக்காட்டோரத்து அடுப்பில் உலை ஏறுவது எவ்வாறு என்ற வினா தானே எழும். இவ்வினாவுக்கு விடைகூறாத பாதுகாப்பு எதுவும் நெடுநாள் நில்லாது.

பறவை காட்டும் தொழில் அவ்வினாவுக்கு ஒரு விடை. முழு விடையன்று, ஆயினும் நேர்மையான விடை. வருவோர் வழிகாட்டிக்கு ஊதியம் கொடுக்கின்றனர், ஊரிலே தங்குகின்றனர், ஊர்ப் பெண்கள் சமைத்த சோற்றை உண்கின்றனர், உள்ளூரார் ஓட்டும் ஜீப்பிலே ஏறுகின்றனர், திரும்புகையில் ஒரு போத்தல் கித்துட் பாணி வாங்குகின்றனர். இவற்றாலே நின்ற மரம் வீழ்ந்த மரத்தினும் விலைபெறுகின்றது. வீழ்ந்த மரம் ஒருமுறை விற்கும். நின்ற மரத்திலே அமர்ந்த பறவை நாடோறும் விற்கும். விற்றபின்னும் அங்கேயே இருக்கும்.

ஆயினும் இத்தொழில் காற்றிலாடும் தீபம். 2019 சித்திரையிலே குண்டுவெடிப்புக்கள் நிகழ்ந்தன. 2020 இலே பெருந்தொற்று வந்தது. 2022 இலே எரிபொருளுமின்றி நாடு தவித்தது. அயல்நாட்டார் வரவு அற்றுப்போயிற்று. அவ்வாண்டுகளிலே என்ன செய்தீர் என வினவினேன். கொழுந்து பறித்ததாகவும் கித்துள் சீவியதாகவும் கூறினார். சிறிது பொறுத்து, தாழ்ந்த குரலிலே மற்றொன்றும் கூறினார்.

வல்லப்பட்டை என ஒரு மரம் இவ்வனத்திலே உண்டு. அதன் உள்ளே ஊறும் பிசின் நறுமணப் பொருளாக வெளிநாடுகளிலே பெருவிலை பெறுவது. 2012 ஆம் ஆண்டளவு முதல் அதனைக் களவாக வெட்டிக் கடத்துதல் நாட்டிலே பரவிற்று. பயணிகள் வராத காலத்திலே வணிகர் ஒருவர் இவரை நாடி வந்தாராம். மரம் வெட்டவேண்டியதில்லை, நிற்குமிடத்தைக் காட்டினாற் போதும் என்றாராம். "பறவை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு மரம் எங்கே நிற்கிறது என்றும் தெரியும், சேர். அதனால் மரம் வாங்க வருகிறவனும் முதலில் எங்களைத்தான் தேடி வருகிறான்" என்றார். தாம் இசையவில்லை என்பதை அவர் தனியாகக் கூறவில்லை, கூறவேண்டியதுமில்லை. ஆனால் அன்று வீட்டிலே பால்மா இருக்கவில்லை என்பதைக் கூறினார்.

மாணவர் உண்பதை நிறுத்தியிருந்தனர். காட்டை நன்கறிந்தவனே அதனைக் காக்கவும் வல்லவன், அழிக்கவும் வல்லவன். அவன் எப்பக்கம் நிற்பான் என்பதை அவனுடைய ஒழுக்கம் மாத்திரம் தீர்ப்பதில்லை. ஒழுக்கமுடையவனை ஆண்டுக்கணக்காகப் பசியோடு தனித்து நிறுத்திவிட்டு, அவன் வழுவாதிருப்பதை வியந்து போற்றுவது சமுதாயத்துக்கு அழகன்று.

களையவேண்டியவை

இத்தொழிலிலே குறையுமுண்டு. பறவையின் குரலைப் பதிவுசெய்து கருவியிலே ஒலிப்பித்து, அதனை வெளிவரச் செய்யும் வழக்கம் பரவியிருக்கின்றது. தன் எல்லைக்குள் மாற்றான் புகுந்தான் என மருண்டு அப்பறவை வெளிவருகின்றது. இரை தேடவேண்டிய பொழுதும் குஞ்சைப் பேணவேண்டிய பொழுதும் இல்லாத பகைவனைத் தேடுவதிலே கழிகின்றன. பகலிலே உறங்கும் ஆந்தையின் முகத்திலே விளக்கொளி பாய்ச்சுதலும் அத்தகையதே. எமது வழிகாட்டி கருவி எதுவும் கொண்டுவரவில்லை. சில பயணிகள் அதனை வற்புறுத்திக் கேட்பதாகவும், மறுத்தால் முகஞ்சுளிப்பதாகவும் கூறினார். ஆகவே இக்குறைக்கு வழிகாட்டி மாத்திரம் பொறுப்பாளியல்லர். காசு கொடுத்தவன் கண்டேயாகவேண்டும் என்ற எண்ணமே முதற் காரணம்.

விடுமுறை நாட்களிலே பெருங்கூட்டமாக வந்து பாட்டும் கூத்துமாக நடந்து, நெகிழிப் பைகளை ஓடையிலே விட்டுச்செல்வோரும் உளர். பயணியின் பணத்திற் பெரும்பகுதி ஊரை அடையாமல், தொலைவிலுள்ள விடுதிகளுக்கும் பயண முகவர்க்கும் போய்ச்சேர்வதும் உண்டு. உள்ளூர் வீட்டிலே தங்குதல், உள்ளூர் வழிகாட்டிக்கு நேரே ஊதியம் கொடுத்தல், சிறு குழுவாகச் செல்லுதல் ஆகிய மூன்றும் பயணியின் கையில் உள்ளவை.

இன்னொன்றும் கருதத்தக்கது. வனத்தின் கிழக்கிலும் தெற்கிலும், இறக்குவானை, தெனியாயப் பகுதிகளிலே தேயிலைத் தோட்டங்கள் உள. அங்கே லயங்களிலே வாழும் மலையகத் தமிழரும் அவ்வனத்தின் அயலாரே. ஊர்மக்கள் என்ற சொல்லுக்குள் அவர்களும் அடங்குதல் வேண்டும். அவர்தம் பிள்ளைகளுக்கும் இப்பயிற்சி கிடைக்குமாயின், காட்டுக்குக் காவலர் மிகுவர். தமிழ்ப் பயணிக்குத் தமிழிலே பேசும் வழிகாட்டியும் கிடைப்பர்.

பெயரும் பொருளும்

இனி, எமது வகுப்பறைக்கு வருவோம். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிக் கூறினார். அப்பெயர்களை ஒரு மூச்சிலே ஒப்புவிக்கும் மாணவர் எமது கல்லூரியில் உளர். அது நினைவாற்றலுக்குச் சான்று, ஐயமில்லை. ஆனால் கபிலர் பெயரை அடுக்கியது பூக்களை அறிந்தபின்னர். பொருளை அறிந்தவனுக்குப் பெயர் திறவுகோல். பொருளை அறியாதவனுக்கு அதே பெயர் பூட்டு.

சிங்கராசத்திலே எமக்கு மறுதலையான நிலை நேர்ந்தது. பொருள் கண்முன்னே நின்றது, பெயர் இல்லை. நீல உடலும் செம்பழுப்புத் தலையும் செவ்வலகும் நீண்ட வாலும் கொண்டு, காக்கையினத்திலே பிறந்தும் அழகிலே மயிலோடு போட்டியிடும் பறவையொன்று எம்முன்னே வந்தமர்ந்தது. சிங்களத்திலே கெஹிபெல்லா என்பர். தமிழ்ப் பெயர் யாது என வழிகாட்டி வினவினார். ஒரு மாணவன் உடனே 'நீலத்தோகை' என்றான். மற்றொருவன் 'வனநீலி' என்றான். இன்னும் சிறிது நேரம் பார்த்துவிட்டுப் பெயரிடுங்கள் என்றேன். பெயரிடும் உரிமை நோக்கியவனுக்கே உண்டு.

சில பெயர்கள் உறவுமுறையாலே எளிதில் வந்தன. எம்மூர்ச் செண்பகத்தின் இனத்திலே, வெளிறிய பச்சை அலகுடைய காட்டுறவு ஒன்று அங்கே வாழ்கின்றது. அதனைப் பச்சையலகுச் செண்பகம் எனத் தடையின்றி எழுதினர். கொண்டைக் கரிக்குருவியும் அவ்வாறே. ஏனையவை எளிதில் அடங்கவில்லை. ஏட்டிலே சிங்களம், ஆங்கிலம், தமிழ் என மூன்று நிரல் வரைந்திருந்தோம். முதலிரண்டும் நிறைந்தன. மூன்றாவதிலே இடைவெளிகள் பல. வடக்கிலும் கிழக்கிலும் வாழாத பறவைகளுக்கு எமது பேச்சுவழக்கிலே பெயரில்லாமை குற்றமன்று. இனியும் இல்லாதிருப்பின் அது குற்றமாகும்.

ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. தை முதல் சித்திரை வரையும், ஆவணி புரட்டாதியிலும் மழை சற்றே ஓய்ந்திருக்கும். பத்துப் பன்னிரண்டு மாணவர் கொண்ட சிறு குழுவாக அழைத்துச் செல்லுங்கள். ஏடும் எழுதுகோலும் கொடுங்கள். வழிகாட்டியைப் பணியாளாகவன்றி ஆசிரியராக மதிக்கப் பழக்குங்கள். அயல்நாட்டார் வராத ஆண்டு மீண்டும் வரலாம். அவ்வாண்டிலே அக்கதவைத் தட்டவேண்டியவர் உள்நாட்டார். எங்கள் மாணவர் செல்வதால் அவ்வூரிலே ஓரடுப்பு எரியுமாயின், ஒரு மரத்தின் இருப்பிடம் வணிகனுக்குத் தெரியாமற் போகும்.

வழிகாட்டி விடைபெறும்போது கூலியை எண்ணாமலே சட்டைப்பையில் வைத்தார். எமது ஏட்டை வாங்கி மூன்றாவது நிரலைச் சிறிது நேரம் பார்த்தார். எழுத்தை அவர் அறியார், இடைவெளியை அறிந்தார். "இதை நிரப்பியதும் எனக்கும் ஒன்று அனுப்புங்கள் சேர்; எப்படிச் சொல்வதென்று சிங்கள எழுத்திலும் எழுதி அனுப்புங்கள். தமிழ்ப் பிள்ளைகள் வந்தால் சொல்லவேண்டும்" என்றார். அவருடைய முகவரி எம்மிடம் உண்டு. பதினான்கு இடங்கள் இன்னும் நிரம்பவில்லை. மாணவர் நாடோறும் மாலையிலே கூடி அதனைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருக்கின்றனர்.